கிளப்பில் ஒலித்ததும் தட்டில் பதிந்ததும்: பிரிட்டிஷ் புளூஸ் ராக் குழுக்களின் மீண்டெடுக்கப்பட்ட மேடைப் பதிவுகள்

ஓர் இசைக் குழுவின் வரலாற்றை அது வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கொண்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. தட்டுக்குத் தேதி உண்டு, உறை உண்டு, விற்பனைக் கணக்கு உண்டு. ஆகவே வரலாறு எழுதுவோர் அதையே முதற்சான்றாகக் கொள்வதில் வியப்பில்லை. ஆனால் 1960களில் இங்கிலாந்தில் புளூஸ் இசையைக் கைக்கொண்ட குழுக்களைப் பொறுத்தவரை இந்த வழக்கம் பெரிய கோணலை உண்டாக்குகிறது. அக்குழுக்கள் ஆண்டில் சில நாள்களையே ஒலிப்பதிவுக் கூடத்தில் கழித்தன. மற்ற இரவுகளில் பெரும்பாலானவற்றை மதுவிடுதிகளின் மாடியறைகளிலும் கல்லூரி அரங்குகளிலும் நிலத்தடிக் கிளப்புகளிலும் வாசித்தே கழித்தன. தட்டு காட்டுவது ஒரு குழு வந்து சேர்ந்த இடத்தை. அங்கே வருவதற்கு முன் அது நடந்த வழி, தடுமாறிய திருப்பம், ஆள் மாறிய இடைவெளி ஆகியவை தட்டில் இடம்பெறுவது அரிது. அவற்றைக் காட்டும் சான்றுகள், கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருக்கும் பழைய மேடைப் பதிவுகளே என்பது இவ்வுரையின் கருத்து. ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ், அதிலிருந்து பிரிந்து உருவான ஃபிளீட்வுட் மேக் ஆகிய இரு குழுக்களை முதன்மையாகக் கொண்டும், யார்ட்பேர்ட்ஸ் குழுவைத் துணையாகக் கொண்டும் அக்கருத்து இங்கே ஆராயப்படுகிறது.

முதலில் இசை வகையைப் பற்றிச் சிறிது. புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருப்பெற்ற பாட்டு வகை. அதன் மிகப் பரவலான அமைப்பு பன்னிரண்டு தாள அளவுகள் கொண்டது. மூன்று அடிகளில் முதலடி இரண்டாம் முறை திரும்ப வரும், மூன்றாம் அடி அதற்கு விடை சொல்லும். கீழிருந்து தாங்கும் இசைக்கூட்டுகள் மூன்று மட்டுமே. இந்தச் சிறிய சட்டகம் ஒரு சிறையன்று. எல்லாருக்கும் தெரிந்த கட்டு என்பதால் வாசிப்பவர் அதற்குள் எத்தனை சுற்று வேண்டுமானாலும் நின்று, தம் மனோதர்மப்படி சுரங்களை வளைத்தும் இழுத்தும் நீட்டியும் செல்லலாம். மற்றவர்கள் வழி தவறாமல் உடன்வருவர். புளூஸ் ராக் என்பது இந்தக் கட்டை உரத்த மின்கிதார், கனத்த பாஸ், அடர்ந்த டிரம்ஸ் ஆகியவற்றுடன் இணைத்து, கிதாரின் தனி வாசிப்பை நடுவில் நிறுத்திய வடிவம். சுற்றுகளின் எண்ணிக்கை வரையறுக்கப்படாத இத்தகைய இசையை மூன்று நிமிடச் சிறுதட்டிலும், பக்கத்துக்கு இருபது நிமிடம் கொள்ளும் எல்.பி. தட்டிலும் அடக்கும்போது எது வெட்டுப்படும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இங்கிலாந்தில் இந்த இசை வேர்பிடித்தது 1958 இல் மடி வாட்டர்ஸ் அங்கே வந்து மின்கிதார் வாசித்துக் கேட்போரைத் திகைக்கவைத்த பிறகுதான். அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் 1962 மார்ச்சில் மேற்கு லண்டனின் ஈலிங் பகுதியில் தொடங்கிய கிளப், பின்னால் பெயர்பெற்ற பலருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. மேக்கிள்ஸ்ஃபீல்டில் 1933 இல் பிறந்து, ஓவியப் பள்ளியில் பயின்று, வரைகலைஞராகப் பணிபுரிந்துகொண்டிருந்த ஜான் மேயால், கார்னரின் தூண்டுதலால் 1963 இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அவர் பெரிய பாடகர் அல்லர். அவரே ஹார்மோனிகாவும் ஆர்கனும் கிதாரும் வாசித்தாலும், தேர்ந்த வாசிப்பாளர் என்று அவரைச் சொல்ல இயலாது. ஆனால் ஆள் தேர்வில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் இல்லை. எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மிக் டெய்லர் ஆகிய மூன்று கிதார் கலைஞர்கள் அடுத்தடுத்து அவர் குழுவில் வாசித்துப் புகழடைந்து வெளியேறினர் என்பதே அதற்குப் போதுமான சான்று.

மேயாலின் முதல் எல்.பி. ஒரு மேடைப் பதிவு என்பது இங்கே கருதத்தக்கது. மேற்கு ஹாம்ஸ்டெட்டில் ரயில்வே ஹோட்டல் என்னும் விடுதியின் மாடியில் கிளூக்ஸ் கிளீக் என்ற கிளப் நடந்துவந்தது. அதன் பக்கத்துக் கட்டடம் டெக்கா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடம். 1964 டிசம்பர் 7 அன்று கூடத்திலிருந்து கிளப்புக்குக் கம்பிகளை இழுத்து, அங்கே நடந்த நிகழ்ச்சியை இங்கே பதிந்தார்கள். லண்டன் கிளப் இசைக்கும் பெருநிறுவனத்துக்கும் நடுவே அன்று இருந்த தூரம் ஒரு சுவர்தான். இருந்தும் அந்தச் சுவரைத் தாண்டும் முயற்சி மிகச் சில முறைகளே நடந்தது. தட்டு எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. நிறுவனம் ஆர்வம் இழந்தது. பின்னர் 1966 ஜூலையில் கிளாப்டனுடன் வெளிவந்த புகழ்பெற்ற தட்டு, இதற்கு எதிர்த்திசையில் சென்று வெற்றி கண்டது: தயாரிப்பாளர் மைக் வெர்னனும் ஒலிப்பொறியாளர் கஸ் டட்ஜனும் கிளப்பைக் கூடத்துக்குள் கொண்டுவந்தனர். கிளாப்டன் தம் ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்க மறுத்து, மேடையில் வாசிக்கும் அதே உரப்பில் வாசித்தார் என்பதும், அந்த உரப்பில் பிறந்த கரகரப்பே பின்வந்த ராக் கிதாரின் இலக்கணமாயிற்று என்பதும் இசை வரலாற்றில் பலமுறை எழுதப்பட்டவை. அவ்வளவு எழுதியவர்களும், அத்தட்டு எதைப் போலச் செய்ய முயன்றதோ அந்த மூலம் எப்படி ஒலித்தது என்ற கேள்வியைப் பெரும்பாலும் எழுப்பவில்லை.

அந்த மூலத்தின் துண்டுகளைச் சேர்த்துவைத்தவர்களுள் மேயாலும் ஒருவர். 1966 இல் ஃபிளமிங்கோ கிளப்பில் கிளாப்டனும் ஜாக் புரூஸும் அவருடன் வாசித்த பாட்டொன்று, ஒலித்தரம் குறைந்ததாயினும், 1969 இல் வந்த ஒரு தொகுப்பில் இடம்பெற்றது. இருவரும் சேர்ந்து க்ரீம் குழுவைத் தொடங்குவதற்கு முந்தைய நிலையை அது காட்டுகிறது. 1967 இறுதியில் சுற்றுப்பயணங்களில் கையோடு ஒரு நாடாப் பதிவியை எடுத்துச்சென்ற மேயால், ஏறத்தாழ 60 மணி நேரப் பதிவிலிருந்து இரண்டு எல்.பி. தட்டுகளுக்குரியதைத் தேர்ந்து மறு ஆண்டில் வெளியிட்டார். பாட்டுகளுக்கு நடுவே பேச்சும் சிரிப்பும் கலந்து வரும் அத்தட்டுகளை அன்றைய விமரிசகர் பலர் பொறுமையின்றியே கேட்டனர். இன்று கேட்கும்போது அந்தப் பேச்சும் சிரிப்புமே, குழு எப்படிப்பட்ட இடத்தில், எப்படிப்பட்டவர்கள் முன் வாசித்தது என்பதைத் தெரிவிக்கின்றன. சான்றின் மதிப்பு அதன் அழகைப் பொறுத்ததன்று.

1966 நடுவில் கிளாப்டன் விலகியதும் அவர் இடத்துக்கு வந்தவர், லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் 1946 இல் பிறந்த பீட்டர் கிரீன். அவர் வாசித்த ‘எ ஹார்ட் ரோடு’ என்ற எல்.பி. 1967 பிப்ரவரியில் வந்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் எய்ன்ஸ்லி டன்பர். டன்பர் விலகிய பின் அவ்வாண்டு வசந்த காலத்தில் மிக் ஃபிளீட்வுட் அந்த இடத்தில் சில வாரங்கள் மட்டும் அமர்ந்தார். அளவுமீறிய குடிக்காக மேயால் அவரை நீக்கினார் என்பது அனைவரும் அறிந்த செய்தி. ஜூனில் கிரீனும் விலகினார். கிரீன், ஃபிளீட்வுட், பாஸ் கிதார் வாசித்த ஜான் மெக்வீ ஆகிய மூவரும் மேயாலின் தலைமையில் ஒன்றாக இருந்த காலம் அவ்வளவு குறுகியது. அந்த அமைப்பில் அவர்கள் கூடத்தில் விட்டுச்சென்ற தடயமும் மிகச் சிறிது. இசைத்தட்டுகளை மட்டும் நம்பும் வரலாற்றில் இது ஒரு அடிக்குறிப்பு. ஆனால் இந்த மூவர்தாம் அவ்வாண்டு முடிவதற்குள் ஃபிளீட்வுட் மேக் என்ற குழுவின் உடலாக ஆனார்கள். குழுவின் பெயரே டிரம்ஸும் பாஸும் வாசிப்பவர்களின் பெயர்களைக் கொண்டு கிரீன் இட்டது. ஆகவே அந்தச் சில வாரங்களின் ஒலி கிடைக்குமானால் ஒரு குழு தன் பெயர் பெறுவதற்கு முன் எப்படி இருந்தது என்பது தெரியவரும்.

அது கிடைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ரசிகர் ஒருவர் 1967 இன் முற்பகுதியில், ஒற்றைத் தடத்தில் பதியும் சுருள்நாடாப் பதிவியொன்றை மார்க்கீ, கிளூக்ஸ் கிளீக், ராம் ஜாம் முதலிய ஐந்து லண்டன் கிளப்புகளுக்குள் கொண்டுசென்று, மேயால் குழுவின் நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்திருந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு யாரும் தொடாமல் கிடந்த அந்தச் சுருள்களை மேயால் பெற்று, ஃபார்ட்டி பிலோ ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் எரிக் கார்னைக் கொண்டு செப்பம் செய்வித்து, 2015 இல் ‘லைவ் இன் 1967’ என்ற பெயரில் வெளியிட்டார். மறு ஆண்டில் இரண்டாம் தொகுதியும், 2023 இல் மூன்றாம் தொகுதியும் வந்தன.

முதல் தொகுதியில் உள்ள பாட்டுகளின் பட்டியலே ஒரு பாடமாகும். பதின்மூன்றில் மூன்று ஓடிஸ் ரஷ் பாடி நிலைநிறுத்தியவை, நான்கு ஃபிரெடி கிங்கினுடையவை, ஒன்று டி-போன் வாக்கரின் புகழ்பெற்ற பாட்டு. கிரீன் யாரிடம் பாடம் கேட்டார் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எழுத இயலாது. கூடத்தில் பதிந்த ‘எ ஹார்ட் ரோடு’ தட்டில் மேயாலின் சொந்தப் பாட்டுகள் பல இருக்க, கிளப்பில் குழு ஷிகாகோவின் பாட்டுகளையே மீண்டும் மீண்டும் எடுத்தது. அவற்றிலும் கிரீன், ஃபிரெடி கிங்கின் வாசிப்பை ஒப்பிக்கவில்லை. கிங் பாய்ந்து செல்லும் இடத்தில் கிரீன் நிற்கிறார். ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அடுத்ததற்கு முன் வாளாவிருக்கிறார். அந்த இடைவெளியை ஆர்கன் நிரப்பிச் செல்கிறது. வேகத்துக்குக் கைதட்டல் கிடைத்த காலத்தில் இருபது வயது இளைஞர் ஒருவர் இவ்வளவு குறைத்து வாசித்தது குறிப்பிடத்தக்கது. அந்த அடக்கம் ஃபிளீட்வுட் மேக்கில் திடீரென முளைத்ததாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘ஆல்பட்ராஸ்’ என்ற பாடலில்லா இசை அதன் உச்சம் எனப்பட்டது. இந்த நாடாக்கள் அதன் தொடக்கத்தை முன்னே தள்ளிவைக்கின்றன.

ஒலித்தரத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒற்றை ஒலிவாங்கி, கூட்டத்தின் நடுவே ஏதோ ஒரு மூலை, சிறிய பதிவி: இவற்றிலிருந்து பாடகரின் சொற்கள் மங்கலாகவும், பாஸ் கிதார் குழம்பியும், கிதார் மட்டும் முன்னேயும் வருவது இயல்பு. பல தடங்களில் பதிந்ததைப் பின்னால் பிரித்து ஒவ்வொன்றின் அளவையும் கூட்டிக் குறைக்கலாம். ஒற்றைத் தடத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டதால் கிதாரைத் தொட்டால் பாடலும் மாறும். அண்மைக் காலத்தில் கணினியின் துணையால் கலந்த ஒலிகளைப் பிரித்தெடுக்கும் முறைகள் வளர்ந்துள்ளன. ஆயினும் அவை பிரிப்பதோடு நில்லாமல் இல்லாததை ஊகித்து நிரப்பவும் கூடும் என்பதால், சான்றாகக் கொள்ளத்தக்க பதிப்புகளில் அவற்றைச் சிக்கனமாகக் கையாள்வதே முறை. மேயாலின் தொகுதிகளில் கரடுமுரடு விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் அரங்கின் மேடையில் அல்ல, நிற்கும் கூட்டத்தில் ஒருவராக இருப்பதை அந்தக் கரடுமுரடுதான் சொல்கிறது.

செப்பம் செய்வதில் முதல் வினா வேகம். வீட்டுப் பயன்பாட்டுக்கான பதிவிகள் நொடிக்கு மூன்றே முக்கால் அங்குலம், ஏழரை அங்குலம் போன்ற வேகங்களில் நாடாவை ஓட்டின. மோட்டார் சற்றுத் தளர்ந்தாலும் இறுகினாலும் சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாறிவிடும். எது சரியான சுருதி என்பதை அறியக் கருவிகளே சில சமயம் உதவுகின்றன. மேயால் வாசித்த ஹாமண்ட் ஆர்கனின் சக்கரங்கள் மின்வழங்கலின் அலைவெண்ணோடு பூட்டப்பட்ட மோட்டாரால் சுழல்பவை. வாசிப்பவர் விரும்பினாலும் சுருதியை மாற்ற இயலாது, மற்றவர்கள்தாம் அதற்கு இசைந்து சுருதி சேர்க்க வேண்டும். உலோக நாக்குகளால் ஒலிக்கும் ஹார்மோனிகாவும் அவ்வாறே ஏறத்தாழ நிலையான சுருதி உடையது. இவை இரண்டும் நாடாவில் இருக்குமானால் செப்பம் செய்வோர் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. நாடாவில் படிந்திருக்கும் மின் இரைச்சலும் இன்னொரு தடயம்: பிரிட்டனின் மின்சாரம் நொடிக்கு 50 முறையும் அமெரிக்காவினது 60 முறையும் அலைவது, ஆகவே இரைச்சலின் சுருதி பதிவான நாட்டைக் குறிக்கக்கூடும். ஆனால் பின்னொரு காலத்தில் படியெடுத்தபோது சேர்ந்த இரைச்சலும் அதே நாடாவில் இருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு கூறுவது பிழை.

இத்தகைய தடயங்களின் தேவை 2019 இல் மூன்று தட்டுகளாக வந்த ‘பிஃபோர் த பிகினிங்’ என்ற ஃபிளீட்வுட் மேக் தொகுப்பைக் கருதினால் விளங்கும். 1968, 1970 ஆம் ஆண்டுகளின் மேடை நிகழ்ச்சிகளும் சில முன்னோட்டப் பதிவுகளும் அடங்கிய அந்த நாடாக்கள், எந்தக் குறிப்புச்சீட்டும் இன்றி அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டவை. வல்லுநர்கள் அவற்றைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே வெளியிடப்பட்டன. பெயரில்லாத நாடாவில் யார் வாசிக்கிறார்கள், எப்போது வாசிக்கிறார்கள் என்பதை உள்ளிருக்கும் இசையைக் கொண்டே வகுக்க வேண்டும். டேனி கர்வன் என்ற மூன்றாவது கிதார் கலைஞர் பதினெட்டு வயதில் குழுவில் சேர்ந்தது 1968 ஆகஸ்டில். கிரீன் குழுவை விட்டது 1970 மே இறுதியில். கர்வனும் கிரீனும் சேர்ந்து ஒலித்தால் அது இந்த இரண்டு எல்லைகளுக்கு உட்பட்டது. கிரீனின் கிதார் ஒலியே ஒரு கையொப்பம் போன்றது. அவர் வைத்திருந்த 1959 ஆம் ஆண்டு லெஸ் பால் கிதாரில் ஒலியை மின்னலையாக மாற்றும் இரண்டு காந்தச் சுருள்களுள் ஒன்றின் திசை மற்றதற்கு எதிராக அமைந்துவிட்டது. இரண்டையும் ஒருங்கே இயக்கும்போது அலைகள் ஒன்றையொன்று பகுதியளவு அழித்து, கீழ்ச்சுரங்கள் மெலிந்து, மூக்கால் பாடுவது போன்ற ஒரு குரல் எஞ்சும். இது எப்படி நேர்ந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. எதுவாயினும், அந்தக் குரலைத் திட்டமிட்டுச் செய்துகொள்ள முயன்றோர் பின்னால் பலர். கிரீனிடமிருந்து கேரி மூருக்கும், பிற்காலத்தில் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட்டுக்கும் அக்கிதார் கைமாறியது.

தற்செயலாகப் பிழைத்த பதிவுகளைப் பற்றியே இதுவரை சொல்லப்பட்டது. திட்டமிட்டுச் செய்தும் கைவிடப்பட்ட பதிவு ஒன்று உண்டு. அதன் கதை இன்னும் விசித்திரமானது. 1970 பிப்ரவரி 5, 6, 7 ஆகிய மூன்று இரவுகளில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாஸ்டன் டீ பார்ட்டி என்ற அரங்கில் ஃபிளீட்வுட் மேக் வாசித்ததை, ஒரு மேடைத் தட்டு வெளியிடும் நோக்குடன் பல தடங்களில் முறையாகப் பதிந்தார்கள். மூன்றே மாதத்தில் கிரீன் விலகினார். தட்டுத் திட்டமும் கைவிடப்பட்டது. 1980களில் அந்நாடாக்களின் பகுதிகள் சிறு நிறுவனங்களின் பெயரில், பல தலைப்புகளில், முன்பின்னாகத் துண்டுபட்டு வெளிவந்தன. ஒரே இரவின் பாட்டுகள் வெவ்வேறு தட்டுகளில் சிதறிக்கிடந்ததால் நிகழ்ச்சியின் வரிசையை எவரும் அறிய இயலவில்லை. 1998 தொடங்கி மூன்று பகுதிகளாகச் செப்பம் செய்யப்பட்ட பதிப்பு வந்த பிறகே முழு அளவு புலப்பட்டது.

அந்த மூன்று பகுதிகளில் மிகவும் பேசப்பட்டது ‘ராட்டில்ஸ்நேக் ஷேக்’ என்ற பாட்டு. 1969 செப்டம்பரில் வந்த ‘தென் ப்ளே ஆன்’ தட்டில் அது மூன்றரை நிமிடம். பாஸ்டன் மேடையில் 24 நிமிடத்துக்கும் மேல். பாட்டு முடியும் இடத்தில் இசை முடியவில்லை. பல்லவியை விட்டு வெளியேறி, தாளத்தை மாற்றிக்கொண்டு, கிரீனும் கர்வனும் மாறி மாறியும் பின்னிப் பிணைந்தும் செல்ல, மெக்வீயும் ஃபிளீட்வுட்டும் கீழிருந்து தாங்குகிறார்கள். நீளம் தன்னளவில் பெருமையன்று. அக்காலத்து மேடைகளில் வெறும் நீளத்துக்காக நீண்ட வாசிப்புகள் ஏராளம், அவற்றுள் பலவற்றை மறுமுறை கேட்கத் தோன்றுவதில்லை. இங்கே நிகழ்வது வேறு: கூடத்தில் பாட்டாக மட்டுமே இருந்தது மேடையில் ஒரு விரிந்த கட்டமைப்புக்குத் தொடக்கக் குறிப்பாக மாறுகிறது. அதே நிகழ்ச்சியில், எல்மோர் ஜேம்ஸின் பாணியையே தம் உலகமாகக் கொண்ட, குழுவின் இன்னொரு கிதார் கலைஞரான ஜெரமி ஸ்பென்சர், 1950களின் ராக் அண்ட் ரோல் பாடகர்களைக் கேலிசெய்து பாடும் பகுதியும் வருகிறது. மூன்று கிதார் கலைஞர்களும் மூன்று திசைகளில் நிற்பது வெளிப்படை. கிரீனின் விலகலை அவருடைய மன நலிவோடு மட்டும் இணைத்து எழுதுவோர், இந்த மூன்று இரவுகளைக் கேட்டபின் குழுவுக்குள்ளேயே இசை பிரிந்துகொண்டிருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

வானொலியின் பங்கு தனியே சொல்லத்தக்கது, சுருக்கமாகவேனும். பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்துடன் இருந்த உடன்பாட்டின்படி பி.பி.சி. ஒரு நாளில் இவ்வளவு நேரமே இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்ற வரம்பு இருந்தது. எஞ்சிய நேரத்தை நிரப்பக் குழுக்களை வரவழைத்து நேரில் வாசிக்கவைத்துப் பதிந்தார்கள். ஃபிளீட்வுட் மேக்கின் அத்தகைய பதிவுகள் 1995 இல் தொகுக்கப்பட்டன. ஆனால் நாடா விலையுயர்ந்த பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து மீண்டும் பயன்படுத்துவது அக்காலத்து நடைமுறை. லெட் ஸெப்பிலின் குழு 1969 இல் அலெக்சிஸ் கார்னரின் வானொலி நிகழ்ச்சிக்காக வாசித்தவற்றின் மூலநாடா அவ்வாறு மறைந்தது. அதில் மட்டுமே இருந்த ‘சன்ஷைன் வுமன்’ என்ற பாட்டு, வானொலியைக் கேட்டுக்கொண்டே வீட்டில் பதிந்த ஒரு ரசிகரின் நாடாவிலிருந்துதான் 2016 இல் அதிகாரபூர்வப் பதிப்புக்கு வந்து சேர்ந்தது. நிறுவனம் அழித்ததைக் கேட்பவர் காத்தார் என்பதில் கசப்பான நகைச்சுவை இருக்கிறது. அனுமதியின்றிப் பதிவது 1925 ஆம் ஆண்டுச் சட்டப்படியே பிரிட்டனில் குற்றமாக்கப்பட்ட ஒன்று என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அது இன்னும் கூடும்.

சட்டத்துக்கு இவ்வெளியீடுகளில் வேறொரு தொடர்பும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் இயற்றி, பிரிட்டன் 2013 நவம்பரில் நடைமுறைப்படுத்திய விதியின்படி, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவின் உரிமைக் காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீண்டது. பதிவாகி 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுக்கோ அந்த நீட்டிப்பு இல்லை, அது பொதுவுடைமையாகிவிடும். 1960களின் நாடாக்களை வைத்திருந்தோர் அனைவருக்கும் 2010களில் ஒரு கெடு தோன்றியது. பாப் டிலனின் நிறுவனம் 2012 இல் வெறும் நூறு பிரதிகள் அச்சிட்டு ஒரு தொகுப்பை வெளியிட்டது இந்தக் கெடுவின் விளைவு என்பதை அதன் தலைப்பே ஒளிக்கவில்லை. 1967 ஆம் ஆண்டு நாடாக்களின் முதல் தொகுதி 2015 இலும், 1970 ஆம் ஆண்டினவை 2019 இலும் வந்தமை கெடுவுக்கு உட்பட்டே அமைந்திருக்கிறது. அது தற்செயலாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் அன்பும் ஆராய்ச்சியும் மட்டுமே இப்பெட்டிகளைத் திறக்கவில்லை.

பதிவைச் சிதைக்கும் வெளியீடும் உண்டு என்பதற்கு யார்ட்பேர்ட்ஸ் குழுவின் அனுபவம் சான்று. 1968 மார்ச் 30 அன்று நியூயார்க்கின் ஆண்டர்சன் அரங்கில் அக்குழு வாசித்ததை எபிக் நிறுவனம் பதிந்தது. குழுவினருக்கு அது நிறைவளிக்காததால் அப்போது வெளிவரவில்லை. அவ்வாண்டு ஜூலையில் குழுவே கலைந்தது. கிதார் வாசித்த ஜிம்மி பேஜ், லெட் ஸெப்பிலின் மூலம் பெரும்புகழ் அடைந்த பின்னர், 1971 இல் நிறுவனம் அவர் பெயரை முன்னிறுத்தி அதை வெளியிட்டது. அரங்கின் உண்மையான ஒலி போதாது என்று கருதி, வேறெங்கோ பதிந்த கூட்டத்தின் ஆரவாரத்தை அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். மெல்லிய பகுதிகளின் நடுவே பொருத்தமே இல்லாமல் கூச்சல் எழுகிறது. பேஜ் சட்ட நடவடிக்கை எடுத்ததால் தட்டு திரும்பப் பெறப்பட்டது. ஒட்டிய ஆரவாரத்தை நீக்கிய பதிப்பை அவரே 2017 இல் கொண்டுவந்தார். மேயாலின் நாடாவில் உள்ள மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் காது, இங்கே தெளிவான பதிவின்மேல் பூசிய பொய்யைப் பொறுப்பதில்லை. ஒன்று பதிவின் குறை, மற்றது பதிவைப் பற்றிய பொய்.

அந்த யார்ட்பேர்ட்ஸ் பதிவுக்கு இசைக்கு அப்பாலும் ஒரு முக்கியத்துவம் இருக்கிறது. பிரிட்டிஷ் குழுக்கள் பிறர் இயற்றிய பாட்டுகளை எடுத்தாண்டதும், சில வேளைகளில் இயற்றியவர் பெயரை விட்டுவிட்டதும் நெடுங்காலமாக வழக்குகளுக்குக் காரணமாயின. ஷிகாகோவின் பாடலாசிரியர் வில்லி டிக்சன் லெட் ஸெப்பிலின்மீது தொடுத்த வழக்கு 1987 இல் உடன்பாட்டில் முடிந்தது. அக்குழுவின் முதல் தட்டில் 1969 இல் பேஜின் பெயரில் வந்த ‘டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்’, அதற்கு முன்பே ஜேக் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர் 1967 இல் தம் தட்டில் பாடியது. அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் ஹோம்ஸ் யார்ட்பேர்ட்ஸ் நிகழ்ச்சிக்கு முன் பாடினார். அங்கே கேட்ட பாட்டை அக்குழு தன் மேடைக்கு எடுத்துக்கொண்டது. யார்ட்பேர்ட்ஸ் அதைக் கூடத்தில் பதிந்து தட்டாக வெளியிட்டதே இல்லை. ஆகவே ஹோம்ஸின் பாட்டு எவ்வாறு படிப்படியாக லெட் ஸெப்பிலினின் பாட்டாக உருமாறியது என்பதைக் காட்டும் நடுக்கண்ணி மேடைப் பதிவுகளில் மட்டுமே இருக்கிறது. ஆண்டர்சன் அரங்கின் நாடாவில் ஹோம்ஸின் இறங்குமுகமான பாஸ் வரிசை அப்படியே இருக்கிறது. அதன்மேல் பேஜ், வயலின் வில்லால் கிதாரை இழைத்து வாசிக்கும் நீண்ட பகுதி சேர்ந்திருக்கிறது. பின்னால் வரப்போகும் தட்டின் கட்டமைப்பு ஏறக்குறைய முழுமையாகிவிட்டது. ஹோம்ஸ் 2010 இல் வழக்குத் தொடுத்தார். அதுவும் உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் 2012 இல் வந்த லெட் ஸெப்பிலினின் மேடைத் தட்டில், பேஜின் பெயருக்குப் பக்கத்தில் ஜேக் ஹோம்ஸின் தூண்டுதலால் பிறந்தது என்ற குறிப்பு முதன்முறையாக அச்சேறியது.